செல்வமும் நீதியும்
வியாபாரிகளுக்கு ஒரு பொருளாதாரப் பாடம்

"வியாபாரம் வேறு, தர்மம் வேறு" என்னும் பேச்சை ஈப்போ கடைத்தெருவில் மட்டுமல்ல, நம்மவர் கடை வைத்திருக்கும் ஊர்களிலெல்லாம் கேட்கலாம். அதைச் சொல்லுகிறவர்கள் கெட்டவர்களல்லர். தொழுகை தவறாதவர்கள், ஜகாத்தைக் காசு பிசகாமல் கணக்குப் பார்த்துக் கொடுப்பவர்கள்கூட, விலையைப் பற்றியும் சம்பளத்தைப் பற்றியும் பேச்சு வரும்போது, "அது பொருளாதாரம், அங்கே நியாயம் பேசிப் பயனில்லை" என்று முடித்துவிடுகிறார்கள். சற்றுப் படித்த இளைஞர்களோ இதற்கு ஆதாரமாக ஆதம் ஸ்மித்தின் பெயரையே சொல்லுகிறார்கள். அவரவர் தத்தம் சுயநலத்தைக் கவனித்தால் போதும், கண்ணுக்குத் தெரியாத ஒரு கை ஊர் நன்மையைக் கவனித்துக்கொள்ளும் என்று அவர் எழுதிவைத்துவிட்டாராம்.

அவர் எழுதியது இதுதானா? அவருக்குப் பின்வந்த ரிக்கார்டோவும் மில்லும் இதைத்தான் சொன்னார்களா? பால்மரத்தையும் ஈயத்தையும் நம்பி வளர்ந்த நமது பேராக் மாநிலத்தின் சரித்திரம் இதற்கு என்ன சாட்சி சொல்லுகிறது? இவற்றை இப்பாடத்தில் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. ஒழுக்கம் போதித்த ஆசிரியர்

ஆதம் ஸ்மித் 1723ஆம் ஆண்டில் ஸ்காத்லாந்து தேசத்தில் கிர்க்கால்டி என்னும் துறைமுக ஊரில் பிறந்தவர். அவர் வியாபாரியல்லர், பொருளாதாரப் பேராசிரியரும் அல்லர். அக்காலத்தில் பொருளாதாரம் என்று தனியாக ஒரு சாஸ்திரமே ஏற்படவில்லை. கிளாஸ்கோ சர்வகலாசாலையில் 1752 முதல் அவர் வகித்த பதவி ஒழுக்கத் தத்துவப் பேராசிரியர் பதவியாகும். அவருடைய பாடம் நான்கு பகுதிகளைக் கொண்டது: முதலில் இறைவனைப் பற்றிய அறிவு, அடுத்து ஒழுக்கம், அதையடுத்து நீதியும் சட்டமும், கடைசியாகத்தான் வியாபாரம், வரி, செல்வம் ஆகியவை. வரிசையைக் கவனியுங்கள். செல்வத்தைப் பற்றிய படிப்பு ஒழுக்கத்தைப் பற்றிய படிப்பின் கடைசி அத்தியாயமாக இருந்ததேயன்றி, அதை விட்டுப் பிரிந்து நிற்கவில்லை.

அவர் எழுதிய பெருநூல்கள் இரண்டு. மனிதனுடைய ஒழுக்க உணர்ச்சிகளைப் பற்றியது 1759லும், நாடுகளின் செல்வத்தைப் பற்றியது 1776லும் வெளிவந்தன. உலகம் இரண்டாவதைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு முதலாவதை மறந்துவிட்டது. ஸ்மித் மறக்கவில்லை. தாம் இறந்த 1790ஆம் ஆண்டில்கூட முதல் நூலைத் திருத்திப் புதுப் பகுதிகள் சேர்த்து வெளியிட்டார். அப்படிச் சேர்த்தவற்றுள் ஒன்று, பணக்காரரை வியந்து போற்றுவதும் ஏழையை அலட்சியம் செய்வதும் மனிதனுடைய ஒழுக்க உணர்வையே கெடுத்துவிடுகிறது என்று எச்சரிக்கும் அத்தியாயமாகும். சுயநலத்துக்குக் கொடி பிடித்தவர் தம் அந்திம காலத்தில் எழுதக்கூடிய அத்தியாயமா அது?

அந்தப் பிரசித்தமான 'கண்ணுக்குத் தெரியாத கை' 1776ஆம் ஆண்டு நூலில் ஒரே ஓர் இடத்தில்தான் வருகிறது. வியாபாரி தன் முதலுக்குப் பாதுகாப்புத் தேடி, தூர தேசத்தைவிடச் சொந்த நாட்டுத் தொழிலில் பணம் போடுகிறான். அதனால் அவன் நினையாமலே நாட்டுக்கு நன்மை விளைகிறது என்பதுதான் அங்கே பேச்சு. எப்பொழுதும் அப்படி விளையும் என்று அவர் சொல்லவில்லை. பல சமயங்களில் விளையும் என்றே சொன்னார். நீதியின் சட்டங்களை மீறாத வரையில்தான் ஒருவன் தன் நலத்தைத் தன் வழியில் தேடலாம் என்பது அவர் போட்ட நிபந்தனை. இளைஞர்கள் கையைப் பிடித்துக்கொண்டு நிபந்தனையை விட்டுவிட்டார்கள்.

2. ஊசியும் ரப்பர் ஷீட்டும்

ஸ்மித்தின் செல்வ நூல் குண்டூசித் தொழிற்சாலையிலிருந்து தொடங்குகிறது. ஒருவன் கம்பியை இழுக்கிறான், ஒருவன் வெட்டுகிறான், ஒருவன் கூராக்குகிறான், ஒருவன் தலை வைக்கிறான். இப்படி வேலையைப் பங்கிட்டுக்கொண்ட பத்துப் பேர் நாளொன்றுக்கு 48,000 குண்டூசி செய்தார்கள். தனித்தனியே முழு ஊசியையும் செய்யப் புகுந்தால் ஆளுக்கு இருபதுகூட முடிந்திராது என்று அவர் கணக்கிட்டார்.

நமக்கு இது புதிதல்ல. ஸ்மித்துக்கு ஏறக்குறைய எழுநூறு ஆண்டுகளுக்கு முன்பே இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் ஒரு சிறு ஊசி எத்தனை கைகளைத் தாண்டி வருகிறது என்பதை எடுத்துக்காட்டி, மனிதர் ஒருவரையொருவர் சார்ந்தே வாழ்கின்றனர் என்று விளக்கியிருக்கிறார்கள். 1332 முதல் 1406 வரை வாழ்ந்த இப்னு கல்தூன், மனிதன் சம்பாதிப்பதெல்லாம் உழைப்பின் மதிப்பே என்றும், அநீதி மிகுந்தால் நாட்டின் செழிப்பு அழியும் என்றும் எழுதினார்.

ஊசியை விடுங்கள், நமது மாநிலத்து ரப்பர் ஷீட்டை எடுத்துக்கொள்வோம். விடியுமுன் எழுந்து ஒருவர் பால் வெட்டினார். வாளியில் சேகரித்துத் தோளில் சுமந்தார். அடுத்தவர் அமிலம் ஊற்றி உறைய வைத்தார். மற்றொருவர் உருளையில் கொடுத்துத் தகடாக்கினார். புகைக்கூடத்தில் காயவைக்க ஒருவர், தரம் பிரிக்க ஒருவர், மூட்டை கட்ட ஒருவர், ரயிலில் ஏற்ற ஒருவர். இவர்கள் அத்தனை பேருக்கும் அரிசி, பருப்பு, மிளகாய், கருவாடு, கைலி விற்றவர் நம் கடைக்காரர். ஒரு ஷீட்டில் இத்தனை பேருடைய நாள் அடங்கியிருந்தது.

ஆனால் ஸ்மித் இத்துடன் நிற்கவில்லை. ஒரே வேலையை ஆயுள் முழுவதும் செய்கிறவனுடைய அறிவு மங்கிப்போகும். ஆகவே ஏழைப் பிள்ளைகளின் ஆரம்பக் கல்விக்குப் பொதுப்பணத்தில் ஏற்பாடு வேண்டும் என்று எழுதினார். மலாயாவில் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டத்தில் பள்ளிக்கூடம் வேண்டும் என்று விதித்தது. பல தோட்டங்களில் அது ஓலைக்கொட்டகையாகவும், கிராணியே ஆசிரியராகவும் நின்றுபோனது. பங்கிட்ட வேலையின் இலாபத்தை எடுத்துக்கொண்டோர் அதன் நஷ்டத்தை ஈடுசெய்ய மறந்தார்கள்.

3. நீதி முதல், கருணை இலாபம்

ஒழுக்கத்தைப் பற்றிய நூலில் ஸ்மித் ஒரு கருத்தை விரிவாக ஆராய்கிறார். நாம் ஒரு காரியத்தைச் செய்யும்போது, நம்மையும் எதிராளியையும் தெரியாத, இருபக்கமும் சாராத ஒருவன் பக்கத்தில் நின்று பார்த்தால் என்ன சொல்லுவான் என்று எண்ணிப் பார்க்கவேண்டும். அந்தப் பார்வையாளனை நம் உள்ளத்திலேயே குடியேற்றிக்கொள்வதுதான் மனச்சாட்சி என்பது அவர் முடிவு.

தமிழர்க்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. வாணிகம் செய்வோருக்கு வள்ளுவர் சொன்ன குறள் திருக்குறளில் எந்த இடத்தில் இருக்கிறது என்று பாருங்கள். பொருள் சேர்ப்பதைப் பற்றிய அதிகாரத்தில் அல்ல. நடுவுநிலைமை என்னும் அதிகாரத்தில், அதன் கடைசிக் குறளாக, 120ஆவதாக இருக்கிறது. அதே அதிகாரத்தில்தான் தராசுக்கோலும் உவமையாக வருகிறது. வியாபாரம் நடுநிலையின் ஒரு கிளை என்று கருதினாலொழிய அந்த இடத்தில் அதை வைத்திருக்க முடியாது.

நீதியும் கருணையும் ஒன்றல்ல என்பதையும் ஸ்மித் பிரித்துக் காட்டினார். கருணை கட்டடத்துக்கு அலங்காரம், நீதியோ தூண். அலங்காரம் இல்லாமல் கட்டடம் நிற்கும். தூண் இல்லாமல் நிற்காது. கருணையை வற்புறுத்தி வாங்க முடியாது, நீதியை வற்புறுத்தலாம்.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) (1058-1111) அவர்கள் இஹ்யாவில் சம்பாத்தியத்தைப் பற்றி எழுதிய பகுதியிலும் இதே இரண்டு படிகள் இருக்கின்றன: ஒன்று அத்ல் என்னும் நீதி, மற்றொன்று இஹ்ஸான் என்னும் நற்செயல். அவர்கள் தந்த உவமை வியாபாரிக்கென்றே சொன்னது போலிருக்கிறது. நீதி என்பது முதலைப் போன்றது. இஹ்ஸான் என்பது இலாபத்தைப் போன்றது. நீதியோடு நின்றவன் முதலைக் காப்பாற்றிக்கொண்டான், அவனுக்கு நஷ்டமில்லை. இஹ்ஸான் செய்தவனோ இலாபத்தையும் சேர்த்துக்கொண்டான்.

இதை நம் கடைக்குப் பொருத்திப் பார்த்தால் ஒரு தெளிவு பிறக்கும். நிறை குறையாமல் கொடுப்பதும், சரக்கின் குறையை மறைக்காமல் சொல்வதும், சிப்பந்தியின் சம்பளத்தைக் குறித்த நாளில் கொடுப்பதும் தர்மமல்ல, அவை முதல். அவற்றைச் செய்துவிட்டு, தானம் செய்தவர்போல் மகிழ்வதற்கில்லை. பள்ளிவாசலுக்கு விளக்கு வாங்கிக் கொடுப்பதும், ஏழைப் பிள்ளைக்குப் புத்தகம் வாங்கிக் கொடுப்பதும் இலாபக் கணக்கு. முதலைத் தின்றுவிட்டு இலாபக் கணக்கு எழுதுகிற வியாபாரியை நாம் என்னவென்று சொல்லுவோம்? சிப்பந்தியின் சம்பளத்தில் பிடித்து அன்னதானம் செய்கிறவனையும் அப்படியே சொல்லவேண்டும்.

வட்டியைப் பொறுத்தமட்டில் ஸ்மித்தின் வழியும் நம் மார்க்கத்தின் வழியும் ஒன்றல்ல. அவர் வட்டியை ஒப்புக்கொண்டார். ஆனால் அதற்குச் சட்டம் ஓர் உச்சவரம்பு விதிக்கவேண்டும் என்றார். வரம்பில்லாவிட்டால் பணம் ஊதாரிகளிடமும் சூதாட்டம்போல் தொழில் செய்பவர்களிடமும் போய்ச் சேரும் என்று அஞ்சினார். இதற்கு மறுப்பாகப் பெந்தாம் 1787ல் தனி நூலே எழுதினார். பணத்தின் சந்தையைக்கூட முற்றிலும் கட்டவிழ்த்துவிட ஸ்மித் விரும்பவில்லை என்பதே நாம் கவனிக்கவேண்டியது.

4. பதுக்கலும் சேமிப்பும்

இனி ஒரு சிக்கலான விஷயத்துக்கு வருவோம். தானிய வியாபாரியை ஸ்மித் பலமாக ஆதரித்துப் பேசினார். விளைச்சல் மிகுந்த காலத்தில் வாங்கி வைத்துக் குறைந்த காலத்தில் விற்கிறவன், தன் இலாபத்துக்காகச் செய்தாலும், ஊருக்கு உபகாரமே செய்கிறான். விலை சற்று உயர்வதால் ஜனங்கள் சிக்கனமாகச் செலவிட்டு அடுத்த அறுவடை வரை தாக்குப்பிடிக்கிறார்கள் என்பது அவர் வாதம். நம் மார்க்கமோ இஹ்திகார் என்னும் பதுக்கலைக் கடுமையாகக் கண்டிக்கிறது. இவை முரண்படுகின்றனவா?

ஆழ்ந்து பார்த்தால் முரண்பாடு குறைகிறது. விளைந்த காலத்தில் வாங்கிச் சேமிப்பதை மார்க்க அறிஞர்கள் பொதுவாகப் பதுக்கல் என்று சொல்லவில்லை. ஜனங்கள் உணவுக்குத் தவிக்கும்போது, விலை இன்னும் ஏறட்டும் என்று சரக்கைப் பூட்டி வைப்பதையே பதுக்கல் என்றார்கள். ஸ்மித்தின் வாதமும் வியாபாரிகள் பலராகவும் ஒருவருக்கொருவர் போட்டியாகவும் இருந்தால்தான் செல்லும். ஒற்றைக் கையில் சந்தை சிக்கிக்கொண்டால் அவரும் வாதத்தை மாற்றிக்கொள்கிறார். 1770ஆம் ஆண்டு வங்காளத்தில் பஞ்சம் வந்தபோது, கிழக்கிந்தியக் கம்பெனி ஊழியர்கள் அரிசி வியாபாரத்தில் போட்ட முறைகேடான கட்டுப்பாடுகள் பற்றாக்குறையைப் பஞ்சமாக்க உதவின என்று அவர் எழுதினார். வியாபாரிகளே அரசாளும் ஆட்சியைப்போல் கேடான ஆட்சி வேறில்லை என்பது அவர் கருத்து.

ஆகவே நாம் கேட்கவேண்டிய கேள்வி: வாங்குகிறவருக்கு வேறு கடை உண்டா? ஈப்போவில் பத்துக் கடைக்கு நடுவில் இருக்கும் கடைக்காரர் விலையை ஏற்றினால் ஜனங்கள் அடுத்த கடைக்குப் போவார்கள். பட்டணத்துக்கு நெடுந்தூரத்திலிருந்த தோட்டத்தில், பேருந்தும் இல்லாத காலத்தில், ஒரே ஒரு கடை வைத்திருந்தவர் நிலை வேறு. அங்கே சந்தை இல்லை, அவர்தான் சந்தை. சிறிய அளவில் அவரும் ஒரு கிழக்கிந்தியக் கம்பெனியே. போட்டி அவரைக் கட்டுப்படுத்தாத இடத்தில் அவருடைய மனச்சாட்சிதான் கட்டுப்படுத்தவேண்டும். 2020ஆம் ஆண்டு நோய்த்தொற்றுக் காலத்தில் முகக்கவசத்துக்கு நமது அரசாங்கம் உச்சவிலை விதிக்கவேண்டி வந்ததும் இந்த நியாயத்தால்தான். பயந்து நிற்கும் ஜனங்களுக்கு வேறு வழியில்லாதபோது, விலை என்பது பேரம் அல்ல, கட்டாயம்.

5. 1877: ஒரே ஆண்டில் நடந்த இரண்டு காரியங்கள்

நல்ல கருத்து பிழையான கையில் அகப்பட்டால் என்ன ஆகும் என்பதற்கு நம் முன்னோர் வாழ்விலேயே சாட்சியிருக்கிறது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தில் பெரும் பஞ்சம். சென்னை அரசாங்கம் தானியம் வாங்கிச் சேமிக்க முற்பட்டது. லிட்டன் பிரபுவின் மத்திய அரசாங்கமோ தானிய வியாபாரத்தில் அரசு தலையிடலாகாது என்று தடுத்தது. மேற்பார்வைக்கு வந்த சர் ரிச்சர்ட் டெம்பிள், நிவாரண வேலை செய்யும் ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியமும் சிறிது காசும் போதும் என்று குறைத்தார். அது உயிர் தரிக்கப் போதாது என்று சென்னை சுகாதாரக் கமிஷனர் கார்னிஷ் வாதாடினார். இலட்சக்கணக்கானோர் மாண்டனர்.

தானியம் அடியோடு இல்லாமற் போகவில்லை. ரயிலில் வந்துகொண்டுதான் இருந்தது. வாங்கத்தான் காசில்லை. கூலி நின்றுபோன குடியானவனுக்கு, கடையில் அரிசி இருப்பதும் இல்லாததும் ஒன்றே. விலை தானியத்தை அழைத்து வரும். பசித்தவன் மடியில் காசை வைக்காது. அமர்த்தியா சென் 1981ல் வெளியிட்ட பஞ்சத்தைப் பற்றிய நூலில் இதைத்தான் தெளிவாக நிறுவினார். ஒழுக்கத்தினின்று பிரிந்ததால் பொருளாதாரம் வறண்டுபோயிற்று என்றும், ஸ்மித்தை அரைகுறையாகப் படித்ததே அதற்கு ஒரு காரணம் என்றும் அவர் 1987ல் மற்றொரு நூலில் எடுத்துக்காட்டினார்.

அதே 1877ஆம் ஆண்டில்தான் லண்டன் கியூ தோட்டத்திலிருந்து ரப்பர் கன்றுகள் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. அவற்றில் சில நமது கோலகங்சாரில், பேராக் ரெசிடெண்டாக அவ்வாண்டு பதவியேற்ற ஹியூ லோவின் தோட்டத்தில் நடப்பட்டன. ஒருபுறம் பஞ்சம் தமிழ்நாட்டுக் குடியானவனை ஊரைவிட்டுத் துரத்தியது. மறுபுறம் அவன் பேரன் வெட்டப்போகும் மரம் பேராக்கில் வேர் பிடித்துக்கொண்டிருந்தது. முதலில் கிரியான் பக்கத்துக் கரும்புத் தோட்டங்களுக்கும், பின்னர் ரப்பர் தோட்டங்களுக்கும் அவர்கள் வந்தார்கள். அவர்களுக்குப் பின்னால், அவர்களுக்குச் சாமான் விற்க நம்மவர் பலர் வந்தனர். நம் பேரேட்டின் முதல் பக்கத்தில் இருப்பது இந்தச் சரித்திரமே.

6. கூலிக்கு எது அளவு?

டேவிட் ரிக்கார்டோ 1817ல் எழுதிய நூலில், தொழிலாளி தன்னையும் தன் குடும்பத்தையும் காப்பாற்றிக்கொள்ளும் அளவுக்குக் கூலி போய் நிற்கும் என்றார். இதைப் பிடித்துக்கொண்டு, பட்டினி கிடக்காமல் இருந்தால் போதும், அதுவே இயற்கை விதி என்று முதலாளிகள் சிலர் பேசினார்கள். ஆனால் ரிக்கார்டோ மேலும் ஒன்று சொல்லியிருக்கிறார்: எது அவசியம் என்பது நாட்டுக்கு நாடும் காலத்துக்குக் காலமும் பழக்கத்துக்குத் தக்கபடி மாறும். அப்படியானால் அது இயற்கையின் விதி மட்டுமல்ல, சமூகத்தின் தீர்ப்பும்கூட.

மலாயாவில் 1920களில் தோட்டத் தொழிலாளிக்கு நிலையான சம்பளம் வகுத்தபோது, குடும்பத்தின் சாப்பாட்டுச் செலவு முதலியவற்றைப் பட்டியல் போட்டே வகுத்தார்கள். ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்று பல இடங்களில் வழங்கிற்று. 1930களின் தொடக்கத்தில் உலகச் சந்தையில் ரப்பர் விலை விழுந்தது. சம்பளம் வெட்டப்பட்டது, பல்லாயிரம் பேர் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பப்பட்டார்கள். மகாகனம் சீனிவாச சாஸ்திரியார் வந்து பார்வையிட்டு 1937ல் அறிக்கை கொடுத்தார். மீண்டும் சம்பளம் குறைக்கப்படவே, 1938ல் இந்திய அரசாங்கம் தொழிலாளரை மலாயாவுக்கு அனுப்புவதைத் தடைசெய்தது. விலை ஏறிய காலத்தின் இலாபம் லண்டன் பங்குதாரருக்கு. விலை இறங்கிய காலத்தின் நஷ்டம் லயத்து அடுப்புக்கு. பக்கஞ் சாராத பார்வையாளன் இதை நியாயம் என்பானா?

கூலியைப் பற்றி ஸ்மித் சொன்னவற்றை நம் முதலாளிமார் நிதானமாகப் படிக்கவேண்டும். முதலாளிகள் எப்போதும் எங்கும் சம்பளத்தை உயர்த்தாமலிருக்க ஒரு மௌன உடன்பாட்டில் இருக்கிறார்கள்; பெரும்பாலோர் ஏழைகளாயிருக்கும் சமூகம் செழித்ததாகாது; அதிகச் சம்பளத்தால் விலை ஏறுகிறது என்று கூச்சலிடுவோர், தங்கள் அதிக இலாபத்தால் விலை ஏறுவதைப் பற்றி வாய் திறப்பதில்லை. இவையெல்லாம் தொழிற்சங்கத் தலைவரின் பேச்சல்ல. சந்தையின் தந்தை எனப்படுபவர் எழுதியவை.

"நான் மட்டும் நியாயச் சம்பளம் கொடுத்தால் பக்கத்துக் கடைக்காரன் என்னை விழுங்கிவிடுவானே" என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்குத்தான் சட்டம். மலேசியாவில் 2013ஆம் ஆண்டில் குறைந்தபட்சச் சம்பளம் தீபகற்பத்தில் 900 வெள்ளியாகத் தொடங்கி, 2025ல் 1,700 வெள்ளியாக உயர்ந்தது. இதைச் சுமை என்று மட்டும் பார்ப்பவர்கள் ஒன்றை மறக்கிறார்கள்: எல்லோருக்கும் ஒரே வரம்பு இருக்கும்போது, நல்ல முதலாளியைக் கெட்ட முதலாளி மலிவுக் கூலியால் தோற்கடிக்க முடியாது. சட்டத்தை ஏய்த்து, வெளிநாட்டுச் சிப்பந்தியின் கடவுச்சீட்டைப் பெட்டியில் பூட்டி வைத்துச் சம்பளத்தைக் குறைக்கிறவர், தொழிலாளியை மட்டுமல்ல, நேர்மையான அண்டைக் கடைக்காரரையும் ஏமாற்றுகிறார்.

7. மில் கண்ட வழியும் ஒரு தோட்டத்துப் பிள்ளையும்

ஜான் ஸ்டுவர்ட் மில் 1823 முதல் 1858 வரை கிழக்கிந்தியக் கம்பெனியின் லண்டன் காரியாலயத்தில் உத்தியோகம் பார்த்தவர். 1848ல் அவர் வெளியிட்ட பொருளாதார நூலின் தலைப்பிலேயே, சமூகத் தத்துவத்துக்கு அதைப் பொருத்திக் காட்டுவதும் நோக்கம் என்று குறித்தார். அதில் ஒரு பெரிய வேறுபாட்டை வகுத்தார். பொருளை உண்டாக்கும் விதிகள் இயற்கையைச் சார்ந்தவை. மரம் தரும் பாலுக்கு மேல் யாராலும் கறக்க முடியாது. உண்டான பொருளைப் பங்கிடும் விதிகளோ மனிதர் ஏற்படுத்தியவை, மனிதரால் மாற்றக்கூடியவை. காலப்போக்கில் தொழிலாளர்கள் தாங்களே கூடி முதல் சேர்த்துத் தொழில் நடத்தும் சங்கங்கள் பெருகும் என்றும் எதிர்பார்த்தார்.

நம் நாட்டில் 1950களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் பல தோட்டங்களை விற்றுவிட்டுப் போயின. வாங்கிய தரகர் கூட்டங்கள் அவற்றைத் துண்டு துண்டாக்கி விற்றன. வாங்கினோரில் பட்டணத்து வியாபாரிகளும் இருந்தனர். சட்டத்தில் குற்றமில்லை, விற்றவர் சம்மதித்து விற்றார், வாங்கியவர் சம்மதித்து வாங்கினார். ஆனால் பேரத்தில் கூப்பிடப்படாத மூன்றாவது ஆள் ஒருவர் இருந்தார்: தலைமுறையாக அந்த மரங்களை வெட்டியவர். தோட்டம் துண்டானதும் அவருக்கு வேலை போயிற்று. வேலையோடு லயத்து வீடும், பிள்ளையின் பள்ளிக்கூடமும் போயின. பேராசிரியர் உங்கு அசீஸ் தலைமையில் நடந்த ஆராய்ச்சி இக்கேட்டை விவரமாக வெளியிட்டது.

இதற்கு ஒரு மாற்றைக் கண்டவர் நமது பேராக் சுங்கை சிப்புட்டில் 1919ல் பிறந்த வீ. தி. சம்பந்தன். அவரே தோட்ட முதலாளியின் மகன். தொழிலாளரிடம் இரந்து கொடுக்கும் கருணையை அவர் பேசவில்லை. மாதம் பத்து வெள்ளி கட்டிப் பங்கு சேருங்கள், விற்பனைக்கு வரும் தோட்டத்தை நீங்களே வாங்குங்கள் என்று தோட்டந்தோட்டமாகச் சென்று சொன்னார். 1960ல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. கெடாவிலுள்ள புக்கிட் சிடிம் தோட்டம் அதன் முதல் தோட்டமாயிற்று; பின்னர் பல தோட்டங்கள் வாங்கப்பட்டன. எல்லாத் தோட்டங்களையும் காப்பாற்ற அதனால் முடியவில்லை. ஆயினும், பங்கிடும் விதி மனிதர் கையில் இருக்கிறது என்று மில் சொன்னதற்கு, பத்து வெள்ளிப் பங்குச் சீட்டை மடியில் முடிந்திருந்த பால்வெட்டுத் தொழிலாளியைவிட நல்ல சாட்சி வேறென்ன வேண்டும்?

8. நம் கடைக்கு இதனால் என்ன?

பேராக்கில் ரப்பர் மரங்கள் நின்ற இடங்கள் பல இன்று செம்பனையாகவும், வீடமைப்புப் பகுதியாகவும், தொழிற்பேட்டையாகவும் மாறிவிட்டன. 1985 அக்டோபரில் அனைத்துலக ஈயச் சங்கம் விலையைத் தாங்க முடியாமல் முறிந்தபோது, கிந்தா பள்ளத்தாக்கின் சுரங்கங்களும் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. மரமும் ஈயமும் போனாலும், அவற்றிடம் நாம் கற்கவேண்டிய பாடம் போகவில்லை. அதை நாலு வகையில் சுருக்கிச் சொல்லுவோம்.

முதலாவது, பற்றுக் கணக்கு. கடனுக்குச் சாமான் வாங்குகிறவரிடமும் ஒரு புத்தகம் இருக்கவேண்டும். இரண்டிலும் ஒரே நேரத்தில் எழுதவேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவரின் கணக்கு கடைக்காரர் கையில் இருக்கும் அமானிதம்.

இரண்டாவது, சிப்பந்தி. ஊரிலிருந்து வந்த பையனை 'நம்ம பிள்ளை' என்று அழைத்துவிட்டு, அந்த உறவைக் காட்டியே சம்பளத்தைக் குறைப்பது நீதியல்ல. உறவு இஹ்ஸானுக்குக் காரணமாகலாம். நீதியைக் குறைக்கக் காரணமாகலாகாது.

மூன்றாவது, நிலம். பழைய தோட்டத்து நிலத்தை வாங்கும் சகோதரர்கள், அதில் இன்னும் குடியிருப்போர் உண்டா என்று முதலில் விசாரிக்கவேண்டும். பத்திரம் உரிமையைத் தரும். அவகாசம் கொடுக்காமல் கூரையைப் பிரிக்கும் நியாயத்தைத் தராது. அக்குடும்பங்களுக்குப் போதிய தவணையும், மாற்று இடத்துக்கு உதவியும் வாங்கும் கிரயத்திலேயே சேர்த்துக் கணக்கிடவேண்டிய செலவு.

நான்காவது, நமது சங்கமே. ஒரே தொழில் செய்வோர் பொழுதுபோக்குக்காகக் கூடினாலும், பேச்சு விலையை உயர்த்தும் சூழ்ச்சியில் போய் முடியும் என்று ஸ்மித் எச்சரித்தார். விலையை ஒப்பந்தம் பேசி நிர்ணயிப்பதை நமது நாட்டில் 2010ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டமும் தடுக்கிறது. வியாபாரச் சங்கம் கூடுவது பிள்ளைகளின் படிப்புக்கும், நலிந்த வியாபாரியைத் தூக்கிவிடுவதற்கும், அங்கத்தினரின் நேர்மையைக் காப்பதற்குமே.

வாராந்தரக் கூட்டத்தில் கலந்து பேசுவதற்காக மூன்று கேள்விகள் தருகிறோம். (1) நம் கடைக்கு வருகிறவருக்கு வேறு கடை இல்லையானால், நாம் விலை வைக்கும் முறை மாறவேண்டுமா? (2) சென்ற ஆண்டு நாம் தர்மமாகக் கொடுத்தவற்றுள், உண்மையில் நீதியாகக் கொடுக்கவேண்டிய பாக்கி ஏதேனும் உண்டா? (3) நாம் முடித்த கடைசிப் பெரிய பேரத்தில், கூப்பிடப்படாத மூன்றாவது ஆள் யார்?

விடைகளை ஒருவருக்கொருவர் சொல்லவேண்டுமென்பதில்லை. இரவு கடையைச் சாத்திக் கணக்கு முடிக்கும்போது, பேரேட்டுக்கு எதிரில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டால் போதும்.